பசித்தால் மஞ்சளாகும் குடுவைகள்

பொழுது விடிவதற்குள் குடுவைகளுக்குத் தீனி போட்டாக வேண்டும். மஞ்சள் காமாலை வைரஸ் வளரும் செல்கள் கைக்குழந்தை மாதிரி. பழைய திரவத்தை வடித்துப் புதிய இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றாவிட்டால், பசியில் பழைய திரவம் மஞ்சளாகும். அப்புறம் செல்கள் சாகும். எந்த வைரஸை வளர்ப்பது, வைரஸ் தின்ற எந்தப் புள்ளியை எண்ணி அளப்பது, முதலாளி எதை விற்பது?

தீனி போடும் அவள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் 'அண்ணி'. கூட வேலை பார்த்த நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். நரைத்த காவல்காரர்கூட அண்ணி என்பார். அவளுக்குச் சிரிப்பு வரும்.

இன்று சிரிப்பு வரவில்லை. நாத்தனாரின் இடம் காலி. திரவத்தை இழுக்கும் உறிஞ்சுகுழாயின் ரப்பர் குமிழ் கிழிந்து, புதிது கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"நாங்கல்லாம் வாயாலதான் உறிஞ்சோம். செத்தா போயிட்டோம்?" என்றார் முதலாளி.

நாத்தனாரும் வாயால் உறிஞ்சினாள். வைரஸ் திரவம் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. இப்போது ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கண்ட கடையில் தின்று வந்த நோய் என்று சொல்லி, பாவி முதலாளி அவளை வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்.

அண்ணிக்கு வயிறு எரிந்தது. குடுவைகள் இருந்த சூட்டுப்பெட்டியின் சுவிட்சில் கை வைத்தாள். பாட்டில் கழுவுகிறவன் தடுத்தான்.

"அணைச்சா உன்னை மட்டும் உள்ள தள்ளுவான் அண்ணி. நாம யாருமே தீனி போடலேன்னா?"

"அவன் வயிறும் எரியணும்டா."

"எரியும். உக்காந்து பாக்கலாம் வா."

ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியபோது முதலாளி ஓடி வந்தார்.

"விளையாடுறீங்களா? நிறம் மாறுது பாருங்க! மாசக்கணக்கான உழைப்பு!"

"யாரோட உழைப்பு?" என்றான் கழுவுகிறவன்.

"அவ கண்ணு மஞ்சளானப்ப நீங்க திரும்பிக்கூடப் பாக்கல," என்றாள் அண்ணி. "இப்ப இதை நல்லாப் பாருங்க சார்."

"என்னதான் வேணும்?"

"அவளுக்கு வைத்தியம், அவ வேலை. எங்க எல்லாருக்கும் குமிழ்."

"ஒருத்திக்காகவா இத்தனை பேரும்?"

"நாளைக்கு எந்த வாய்னு யாருக்குத் தெரியும்?"

முதலாளியின் முகம் வெளிறியதைப் பார்க்க அண்ணிக்கு இனித்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இவங்களை வெளிய தள்ளுய்யா!" என்று காவல்காரரைக் கூப்பிட்டார் முதலாளி.

காவல்காரர் வந்தார். குடுவைகளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு அண்ணி," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.