ஜெல்யாஸ்கோவை வேண்டாம் என்ற கோப்பு

பர்காஸ் துறைமுகத்தின் ஓய்வுபெற்ற மாலுமிகள் சங்கத்தில் ஜெல்யாஸ்கோவின் கதை தெரியாதவன் எவனாவது இருந்தால், அவன் இன்று காலையில்தான் சேர்ந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அவனுக்கும் தெரிந்துவிடும். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த 1985இல் ராணுவ உளவுத்துறை மேஜர் ஒருவர் அவரைக் கேக் கடைக்கு அழைத்துப் போய், எங்களுக்காக வேலை செய் என்றாராம். ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப் என்று சுற்றிக்கொண்டிருந்த கப்பலின் ரேடியோ அதிகாரி ஜெல்யாஸ்கோ, மேஜையை ஒரு தட்டுத் தட்டி எழுந்து, 'நான் மாலுமி, ஒற்றன் இல்லை' என்றாராம். இரண்டே மாதத்தில் கடலுக்குப் போகும் அனுமதியைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கிடங்கில் உட்கார வைத்தார்கள். அங்கே பத்தொன்பது வருடம் சரக்குச் சீட்டில் முத்திரை குத்தினார். இந்தக் கடைசிப் பகுதி மட்டும் சத்தியமான உண்மை. மற்றதில் மேஜை தட்டியது, எழுந்து நின்றது எல்லாம் வருடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்தது என்பது அவருக்கே உள்ளுக்குள் தெரியும். ஆனால் மறுத்தது மறுத்ததுதானே! மனிதன் அதையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

வில்லங்கம் சங்கச் செயலாளர் ஸ்தாமெனால் வந்தது. இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், இழுப்பதை மட்டும் விடவில்லை. உளவுக்கு மறுத்துக் கடலை இழந்தவர்களின் பெயர்களைச் சட்டம் போட்டுச் சங்கத்துச் சுவரில் மாட்டப்போவதாக அறிவித்தார். மாலுமிகளின் புனிதர் நிக்கோலாவின் திருநாள் விருந்தில், டிசம்பர் ஆறாம் தேதி, திறப்பு விழா.

"என் பேரை மேல போடு. கொட்டை எழுத்துல" என்றார் ஜெல்யாஸ்கோ.

"பேப்பர் கொண்டா, போடறேன்."

"முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன், என்கிட்டயே பேப்பர் கேக்கறியா?"

"முப்பது வருஷமா கேட்டுட்டிருக்கோம்டா, அதனாலதான் கேக்கறேன். அந்த ஆட்சியோட உளவுக் கோப்பெல்லாம் இப்போ திறந்து கெடக்கு. விண்ணப்பம் போடு, போய்ப் படி, நகல் வாங்கிட்டு வா. கதை எங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

ஜெல்யாஸ்கோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே சமையலறை மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார். தன்னைப் பற்றி ராணுவ உளவுத்துறை வைத்திருந்த அனைத்துக் காகிதங்களையும் பார்க்க விரும்புவதாக எழுதி, 'அனைத்து' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார். மனைவி டோப்ரின்கா குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குய்யா பழசைக் கிளர்றே?"

"பயப்படாதே. நான் தப்பா எதுவும் செய்யல."

"நீ செஞ்சிருக்க மாட்டே" என்றாள் அவள். அடுத்த மிளகாயை எடுத்தாள்.

ஏழு மாதம் கழித்துத் தலைநகர் சோபியாவிலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் கடைசியில் விடியற்காலைப் பேருந்தில் கிளம்பினார். பெரிய கோப்பாக இருக்கும் என்று மாற்றுக் கண்ணாடி, பூதக்கண்ணாடி எல்லாம் எடுத்துப்போனார். உணர்ச்சிவசப்பட்டால் இருக்கட்டும் என்று கைக்குட்டை வேறு இரண்டு. வாசிப்பு அறையில் ஓர் இளம்பெண் அவர் முன்னால் கோப்பை வைத்தாள். பதினோரு பக்கம்.

"இவ்வளவுதானாம்மா? வேற கட்டு ஏதாவது உள்ள தங்கியிருக்குமா?"

"சில பேருக்கு இதுவும் இல்லீங்க ஐயா."

அந்தச் சில பேரை நினைத்து ஆறுதலடைந்து முதல் பக்கத்தைப் புரட்டினார். மேஜரின் அறிக்கை தட்டச்சில் இருந்தது. அதில் ஜெல்யாஸ்கோவின் பெயர் 'வேட்பாளர்'.

'வேட்பாளரைக் கேக் கடையில் சந்தித்தேன். யோசனை எதையும் முன்வைக்கும் முன்பே வேட்பாளர் பேசத் தொடங்கினார். இரண்டு மணி நேரம் பேசினார். அரசுச் செலவில் மூன்று தட்டு கேக் சாப்பிட்டார். தான் கல்லறையைப் போல ரகசியம் காப்பவர் என்று உறுதி கூறியபின், தமது கப்பல் தலைவரின் குடும்ப ரகசியங்கள் மூன்றைத் தெரிவித்தார். கேட்காமலே, தமக்குக் "கழுகு" என்று புனைபெயர் வைக்கலாம் என ஆலோசனை கூறினார். கார் கிடைக்குமா என்று விசாரித்தார்.'

ஐயோ! கார் கேட்டது அவருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. இப்போது அந்தக் கடையின் வெண்ணெய் வாசனையோடு நினைவுக்கு வந்தது. மேஜை தட்டியதா? தட்டியிருப்பார், இன்னொரு கேக் கேட்டு.

'கடைசியில் வேட்பாளர், "நான் மாலுமி, ஒற்றன் இல்லை, ஆனால் யோசித்துச் சொல்கிறேன்" என்றார். யோசிக்க எதுவும் அவரிடம் கொடுக்கப்படவில்லை. முடிவு: ஓட்டை வாய். தற்பெருமை. எவ்வகையிலும் பயன்படார்.'

ஆக, அவர் உளவுத்துறையை மறுக்கவில்லை. உளவுத்துறைதான் அவரை மறுத்திருக்கிறது, அதுவும் ரப்பர் முத்திரை குத்தி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இந்தத் தவளை கேக்கும் தின்றுவிட்டுக் கெட்டிருக்கிறது. ஜெல்யாஸ்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். முப்பது வருடமாக இந்த நாட்டில் அவர் வாயைப் பொத்த முடிந்தது அவளால் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு எட்டாம் பக்கம் வந்தது.

மூன்றாம் நபர்களின் பெயர்களை மறைத்துத்தான் தருவார்கள். இங்கேயும் கன்னங்கரேலென்று மை அடித்திருந்தார்கள், வரிக்கு வரி. 'வேட்பாளரின் மனைவி' என்று விட்டுவிட்டு, அதை அடுத்திருந்த பெயரை மட்டும் ஒரு எழுத்து தெரியாமல் மறைத்திருந்தார்கள். அவருக்கு எத்தனை மனைவி என்று நினைத்தார்களோ!

'வேட்பாளரின் மனைவி துறைமுகத் தொலைபேசி நிலைய ஊழியர். ஜெர்மன் அறிவார். நிதானமானவர், அதிகம் பேசார். கணவரைவிட எல்லா வகையிலும் பொருத்தமானவர். அவரது பணியிடத்தில் சந்தித்து, வெளிநாட்டு மாலுமிகளின் அழைப்புகளைக் குறித்துத் தருமாறு கேட்டேன். முடியாது என்றார். காரணம் கேட்டேன். "என்னை நம்பிப் பேசுகிறார்கள்" என்றார். கணவரின் கடல் அனுமதி பாதிக்கப்படலாம் என்று சுட்டிக்காட்டினேன். அழுதார். பிறகும் முடியாது என்றார். லைனில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார். சந்திப்பை யாரிடமும் சொல்வதில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டார்.'

பத்தாம் பக்கத்தில் அனுமதி ரத்து ஆணை இருந்தது. காரணம்: மனைவியின் ஒத்துழையாமை.

ஜெல்யாஸ்கோ இரண்டு கைக்குட்டையையும் எடுத்தார். முதல் ஏழு பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டார்.

திரும்பும் பேருந்தில் முதல் ஒரு மணி நேரம் அவருக்குக் கோபமாக இருந்தது. என் கப்பலை இவள் எப்படிக் கொடுக்கலாம்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? ப்ளோவ்டிவ் நகரைத் தாண்டியபோது, கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தார். கார் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் வெட்கம்தான், ஊர் வந்து சேரும்வரை. சங்கத்தில், வீட்டில், மகள் கல்யாணத்தில், ஒரு தடவை ரயிலில், எத்தனை முறை மேஜையைத் தட்டிக் காட்டியிருக்கிறார்! ஒவ்வொரு தடவையும் டோப்ரின்கா பக்கத்தில் உட்கார்ந்து உப்பை நகர்த்திக் கொடுத்திருக்கிறாள்.

கதவைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

அவள் சூப்பைச் சூடுபண்ணப் போனாள். அவர் கோட்டைக் கழற்றாமல் பின்னாலேயே போய் நின்றார்.

"ஏன்டி சொல்லல?"

"கையெழுத்துப் போட்டிருந்தேன்."

"அந்த ஆட்சி போச்சு! அந்த மேஜர் செத்துப் புல்லு முளைச்சிருக்கும்! யாருக்குக் கொடுத்த கையெழுத்து அது?"

"யாருக்குக் கொடுத்தா என்ன? போட்டது நான்தானே."

ஜெல்யாஸ்கோ கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"அப்புறம் அது மட்டும் இல்ல" என்றாள் அவள், பானையைப் பார்த்தபடி. "உன் கடலை நான்தான் கொடுத்துட்டேன். முதல்ல பயமா இருந்துச்சு, தெரிஞ்சா போயிடுவியோன்னு. அப்புறம் நீ அந்தக் கேக் கடைக் கதையை ஆரம்பிச்சே. சொல்லும்போதெல்லாம் முகம் கப்பல்ல நின்ன மாதிரி இருக்கும். அதையும் பிடுங்கணுமாய்யா நான்?"

ஜெல்யாஸ்கோ உட்கார்ந்தார். சூப்பு வந்தது, ஆறியது.

"நிக்கோலா விருந்துல எல்லாத்தையும் சொல்லிடறேன். உன் பேரு சுவத்துல ஏறணும். கொட்டை எழுத்துல."

"வேண்டாம்."

"டோப்ரின்கா, நீ செஞ்சது..."

"செஞ்சது நான். அதைச் சொல்றதா வேண்டாமான்னும் நான்தான் சொல்வேன். வேண்டாம். உன் பங்கை நீ என்ன வேணா பண்ணிக்கோ."

அவர் பங்கு என்றால் மூன்று தட்டு கேக்கும் ஒரு ஓட்டை வாயும்தான்.

ஆறாம் தேதி சங்கத்து நீள மேஜையில் அக்ரூட் பருப்பு அடைத்து வேகவைத்த கெண்டை மீன் வாலோடு தலையோடு படுத்திருந்தது. ரக்கியா என்ற பழச்சாராயம் இரண்டு சுற்று வந்ததும் ஸ்தாமென் கரண்டியால் கிளாசைத் தட்டினார். "இப்போ நம்ம வீரன் பேசுவான்!"

ஜெல்யாஸ்கோ எழுந்தார். கடைசி நிமிடம் வரை அவருக்கு வேறொரு வழி இருந்தது: காகிதம் கிடைக்கவில்லை, எரித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் நம்புவார்கள், பாதிக் கோப்பு அப்படித்தான் போனது. பக்கத்தில் டோப்ரின்கா மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு முதல் ஏழு பக்கங்களையும் கமா விடாமல் படித்தார்.

கேக் வந்த இடத்தில் மேஜை ஆடியது. 'கழுகு' வந்தபோது ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்டினார்கள். கார் வந்தபோது ஸ்தாமென் மேஜைத் துணியிலேயே கண்ணைத் துடைத்தார். தான் கடைசியாகக் கப்பலேறி முப்பது வருடமானாலும் மானம் இன்றைக்குத்தான் கப்பலேறுகிறது என்று ஜெல்யாஸ்கோவே சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். இவ்வளவு நன்றாக அவர் கதையை அந்தச் சங்கம் ஒருநாளும் கேட்டதில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் ஸ்தாமென் நெற்றியைச் சுருக்கினார்.

"இருடா. நீ மாட்டேன்னே சொல்லலியே. அப்புறம் எதுக்குக் கப்பலைப் பிடுங்கினாங்க?"

மேஜை முழுக்க அவரைப் பார்த்தது. அந்தச் சங்கத்தில் யாரும் சொல்லியிராத கதை அவர் நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஒரே வாக்கியம் போதும். பாதிப் பேர் எழுந்து நின்று அவளுக்குத் தொப்பியைக் கழற்றுவார்கள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார்.

"ஓட்டை வாய்க்குத்தான்" என்றார்.

"போடா! ஓட்டை வாயனுக்கெல்லாம் கப்பல் இல்லன்னா இந்தத் துறைமுகமே காலியாயிருக்கும். நீ எதையோ மறைக்கறே."

"இவனா? மறைக்கறானா?" என்று யாரோ கத்த, சிரிப்பு மறுபடி கிளம்பியது. சுவரில் நான்கு பெயர்களோடு சட்டம் ஏறியது. அவர் பெயர் இல்லை. எல்லாரோடும் சேர்ந்து அவரும் கை தட்டினார், உள்ளுக்குள் வலித்தது; வாய் மறுபடி திறந்தது, ஒரு அக்ரூட் பருப்பைப் போட்டு மூடினார்.

வீட்டுக்குக் கடற்கரைப் பக்கமாக நடந்தார்கள். காற்று ஊசியாகக் குத்தியது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வழக்கமாகப் பிடிக்கிறவள் இல்லை.

"ரெண்டு தடவை சொல்லிடப் பாத்தே" என்றாள். "கவனிச்சேன்."

"மூணு தடவை" என்றார் ஜெல்யாஸ்கோ.