வைக்கோல் மிஷினை ஓட வைத்தவன்

கிழக்கு வெளுக்கும் முன்பே முருகானந்தம் மிஷினுக்கு அடியில் படுத்திருந்தான். பனி ஏறிய சாக்கு முதுகில் ஒட்டியது. வயலில் கிடக்கும் வைக்கோலை வாரிச் சுருட்டி உருளையாக வெளியே தள்ளும் பழைய பேலர் அது. தட்டத் தட்டத் துருவும் எலிப்புழுக்கையும் அவன் முகத்தில் கொட்டின. இறுகிப்போன சங்கிலியை டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்தான். விரல் வெடிப்புக்குள் டீசல் இறங்கி எரிந்தது.

கைக்குப் பிடித்த வேலைதான். ஆனாலும் வரப்பில் யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

காரணம் ஊருக்கே தெரியும். திருவெள்ளறையைச் சுற்றி சம்பா அறுப்பு முடிந்தால் வைக்கோல் பெரும்பாலும் வியாபாரி ரெங்கராஜுக்குத்தான். அறுப்பு மிஷின் விட்டுப்போன வைக்கோலைப் பெண்கள் அள்ளி, வைக்கோலையே பிரியாக முறுக்கிக் கட்டுவார்கள். அவர் லாரியில் ஏற்றி மாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்புவார். இந்த ஆண்டு கட்டுக்கூலியைக் குறைத்தார். கட்டும் பெண்களில் வள்ளிக்கண்ணு முதலில் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி முருகானந்தத்தின் மனைவி வேணி.

ரெங்கராஜ் சத்தம் போடவில்லை. கொட்டகைக்குப் போய், பழுதாகிக் கிடந்த பேலரின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினார்.

"இத ஓட வச்சிரு, முருகானந்தம். அப்புறம் ஒரு பொம்பளையும் நமக்கு வேணாம்."

"முதலாளி, வேணியும் அவங்களோடதான் இருக்கா."

"அதனாலதான் ஒன்கிட்ட சொல்றேன். என் டிராக்டர ஓட்டுற. என் கொல்லை வீட்ல குடியிருக்க. யாரு பக்கம்னு நீயே முடிவு பண்ணிக்க."

அவன் ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

வீட்டில் வேணி சண்டை போடவில்லை. தட்டை வைத்துச் சோறு போட்டாள். சோப்புப் போட்டுக் கழுவியும் அவன் கையில் கிரீஸ் வாடை போகவில்லை.

"வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?" என்று அவனாகவே ஆரம்பித்தான்.

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"கேக்காம இருக்கியே, அதுதான்..."

"கொழம்பு ஊத்தவா?"

அவன் குனிந்துகொண்டே சாப்பிட்டான்.

உருளையைச் சுற்றி நூலைக் கட்டும் பகுதியில் ஒரு தண்டு முறிந்திருந்தது. அந்த மாடலுக்குக் கடைகளில் சாமான் கிடையாது. முறிந்த துண்டுகளைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, பைக்கில் ஸ்ரீரங்கம் தாண்டித் திருச்சி வழியாகத் திருவெறும்பூர் போனான். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் ஜூட் என்பவர் துண்டுகளை ஒட்டவைத்து அளவு பார்த்தார். புது இரும்பை லேத்தில் மாட்டிக் கடையத் தொடங்கினார். நீலம் பாய்ந்த இரும்புச் சீவல்கள் சுருண்டு விழுந்தன.

"ஏன் இவ்வளவு அவசரம்?"

"வைக்கோல் வயல்லயே கெடக்குண்ணே. கட்ட ஆள் இல்ல."

சொல்லும்போதே அவன் பார்வை ஜூட்டின் முகத்தை விட்டு நகர்ந்து லேத்தின் மேல் போய் நின்றது. ஜூட் அதை நம்பித் தலையாட்டினார்.

"எல்லா ஊர்லயும் இதே கதைதான். நான் முன்னாடி ஒரு சின்ன கம்பெனில இருந்தேன். நியாயம் கேட்டு வெளியில உட்கார்ந்தோம். வேற ஆளுங்களக் கொண்டாந்து எங்க மிஷின்லயே நிக்க வச்சாங்க."

"அவங்க மேல கோவம் இல்லையாண்ணே?"

"அவங்களும் வயித்துக்குத்தானே வந்தாங்க. ஆனா கம்பெனி கேட்டுல எங்களத் தாண்டிப் போறப்ப ஒருத்தன்கூட எங்க மூஞ்சியப் பாக்கல. அதுதான் தாங்கல."

லேத்தின் இரைச்சல் நின்றது. தண்டை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்து, "நல்லபடியா ஓடட்டும் தம்பி" என்றார் ஜூட். திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் பேலரை டிராக்டரில் மாட்டினான். எஞ்சினின் சுழற்சியை மிஷினுக்குக் கொண்டுபோகும் தண்டு வெறுமனே திறந்து கிடந்தது.

"இதுக்கு மேல ஒரு மூடி இருக்கணும் முதலாளி. துணி கிணி மாட்டுனா ஆளையே இழுத்துரும்."

"யாரு அதுகிட்ட போகப் போறா? எடு வண்டிய."

எடுத்தான். கம்பிப் பற்கள் வைக்கோலை வாரி உள்ளே தள்ளின. உள்ளிருந்த இரும்பு உருளைகள் முனகிவிட்டுச் சீராகச் சுழன்றன. பின்கதவு தூக்கிக்கொள்ள, இறுக்கமான வட்டமாக முதல் உருளை தரையில் உருண்டது. முருகானந்தம் தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரித்த முகத்தோடு நிமிர்ந்தபோது எதிர்வரப்பில் பெண்கள் நின்றிருந்தார்கள்.

ரெங்கராஜ் அவர்களைப் பார்த்துக் கை தட்டினார். "பாத்தியா வேணி! ஒன் புருசன் கையாலயே ஒனக்கு லீவு குடுத்துட்டான்!"

வேணி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஏன் குனிய வேண்டும்? குனிய வேண்டியவன் டிராக்டர் மேல் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்? காது மடல்கள் கொதிக்க அவன் வண்டியை நகர்த்தினான்.

அடுத்த வரிசையில் வைக்கோல் ஈரமாக இருந்தது. வாயில் அடைத்துக்கொண்டு மிஷின் திணறியது. சிதறும் வைக்கோலை ஒதுக்குவதற்காக ரெங்கராஜ் அழைத்து வந்திருந்த கூலிக்காரர் அம்மாசி பக்கத்தில் நின்றார்.

"அணைக்காத! ஓடட்டும். அம்மாசி, நீ இழுத்து விடு" என்று ரெங்கராஜ் கத்தினார்.

அம்மாசி குனிந்தார். கழுத்தில் கிடந்த துண்டின் நுனி சுழலும் தண்டில் பட்டது. கண் மூடித் திறப்பதற்குள் துண்டு முறுக்கிக்கொண்டது. வரப்பிலிருந்து பெண்கள் அலறினார்கள். முருகானந்தம் எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான். நூல் அறுக்கும் கத்தியால் துண்டை வெட்டினான். தண்டுக்கும் அம்மாசியின் கன்னத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. கிழவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து இருமினார். கழுத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கோடு.

பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். வள்ளிக்கண்ணு அம்மாசிக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒண்ணும் ஆகலல்ல? புதுத் துண்டு வாங்கித் தரேன். நீ வண்டிய எடு" என்றார் ரெங்கராஜ்.

முருகானந்தம் நகரவில்லை. அம்மாசியின் கழுத்துக் கோட்டைப் பார்த்துச் சொன்னான். "மூடி இல்லன்னு தெரிஞ்சேதான் ஓட வச்சேன். இவங்க வயித்துல அடிக்கத்தான்னும் தெரியும். தெரிஞ்சேதான் பண்ணேன்."

டிராக்டரோடு இணைத்திருந்த பின்னை உருவித் தண்டைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"மூடி வரட்டும் முதலாளி. கூலியப் பேசி முடிங்க. அப்புறம் ஓட்டுறேன்."

"பேசுறது யாரு? என் வீட்ல குடியிருக்கிறவனா? இன்னிக்கே காலி பண்றியா?"

வேணி முன்னால் வந்தாள்.

"சாமான் கொஞ்சந்தான் முதலாளி. இங்க நிக்கிறவங்க ஆளுக்கொண்ணு தூக்குனாப் போதும்."

"மிஷின் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லீங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. "ஓடட்டும். அது சுருட்டிப் போடுறத உருட்டி ஏத்துறதுக்கு ஆள் வேணும்ல? அந்த வேல எங்களுக்கு. கூலி பழையபடி. கைகால் முழுசா வீடு போய்ச் சேரணும். இவ்வளவுதான் கேக்கறோம்."

"வேற டிரைவரே இல்லையா ஊர்ல?" என்றபடி ரெங்கராஜ் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

பெண்கள் மறுபடி வரப்பில் உட்கார்ந்தார்கள். இந்த முறை அம்மாசியும் அவர்களோடு இருந்தார். முருகானந்தம் சற்றுத் தள்ளி வெயிலில் நின்றான். அவர்களோடு உட்கார எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

"ஏன் தம்பி நிக்கிற? வந்து உட்காரு" என்றாள் வள்ளிக்கண்ணு. வேணி அவனைப் பார்க்கவில்லை. ஆனால் புடவையை ஒதுக்கி இடம் விட்டாள். உட்கார்ந்த பிறகும் அவன் நிமிரவில்லை.

மதியத்துக்குள் மண்ணச்சநல்லூர் ரோட்டிலிருந்து ஒரு டிராக்டர் வயலை நோக்கித் திரும்பியது. ஓட்டி வந்தவன் வரப்பில் இருந்தவர்களைக் கண்டதும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படிப் பார்வையைத் திருப்புவது ஏன் என்று முருகானந்தத்துக்குத் தெரியும்.

எழுந்தான். "நான் போய்ப் பேசுறேன்."

"என்னன்னு பேசுவீங்க?" என்றாள் வேணி.

"நான் பண்ணதச் சொல்றேன்."

வயலுக்குள் இறங்கி நடந்தான். பெண்கள் பார்க்க நடப்பது இன்னும் கூசியது. பின்னால் அறுத்த தாள்களின் மேல் பல கால்கள் சரசரத்து வருவது கேட்டது. டிராக்டருக்கு முன்னால் போய் நின்று, அந்த டிரைவரின் முகத்தை நேராகப் பார்த்தான். டிரைவர் வண்டியை நிறுத்தினான். பிறகு எஞ்சினை அணைத்தான்.

"என்னண்ணே, என்ன விசயம்?"

முருகானந்தம் சொல்லத் தொடங்கினான்.