இரண்டு அங்குலம்

ஏழு மாதங்களாகச் சனிக்கிழமை தோறும் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பழைய பெல்ட் விற்கும் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். என்ன புத்தகம் எடுத்தீர்கள் என்று மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பெயரை வழியிலேயே யோசித்து வைத்திருப்பேன். அது வீணாகிப் போகும்.

அன்று நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பையோடு வந்து நின்றாள்.

"நானும் வரேன்."

"நூலகத்துக்கா?"

"பெல்ட் கடைக்கு."

நான் நிமிரவில்லை. செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து போன்ல பெல்ட்டுன்னு பேசினது காதுல விழுந்துச்சு. வாராவாரம் உங்க சட்டையைத் துவைக்கறதும் நான்தானே. தோல் பாலிஷ் வாசனை அடிக்குது. புஸ்தகத்துக்கு எந்த நூலகத்துல பாலிஷ் போடறாங்க?"

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருமே அப்படித்தான். "ஊமைக்கோட்டான் குடும்பம்" என்று மகன்தான் பெயர் வைத்தான். வைத்துவிட்டு அவனும் வாயை மூடிக்கொள்வான்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு மகன் ஒரு நீளமான கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். பெரிய வடிவமைப்பாளர் ஒருவரின் பெல்ட். கருந்தோல், வெள்ளி நிறத்தில் சதுர பக்கிள், அதன் ஓரத்தில் மெல்லிய இரட்டைக் கோடு. "பிரிவு உபசாரத்துக்கு இதைத்தான் போட்டுக்கணும்" என்றான். எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதற்காக, கதவுக்குப் பின்னால் தொங்கிய என் பழைய பெல்ட்டை அளந்துகொண்டு போய், அந்த அளவுக்கு வாரை வெட்டி வாங்கிவந்திருந்தான்.

குளியலறையில் போட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் பக்கிளின் முள் கடைசி ஓட்டைக்கு இரண்டு அங்குலம் இப்பாலேயே நின்றது. பழைய பெல்ட்டில் நான் போடுவது கடைசியான ஐந்தாவது ஓட்டை. அவன் பக்கிளுக்குப் பக்கத்திலிருக்கும் முதல் ஓட்டை வரைக்கும் அளந்து, அதையே நடு அளவாகச் சொல்லியிருக்கிறான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அளவெடுத்ததில் அவனுக்கு அத்தனை பெருமிதம். வெட்டிய தோலை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று வேறு நினைத்தேன். வெளியே வந்து, "நல்லாயிருக்கு, பத்திரமா வச்சுக்கறேன்" என்றேன். உபசாரத்துக்குப் பழைய பெல்ட்டிலேயே போனேன். அரங்கில் முதல் வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். எனக்கு மாலை போட்டபோது அவன் பார்வை என் இடுப்பில் இருந்தது. மறுநாள் அந்தப் பெட்டி என் அலமாரியிலிருந்து அவன் அலமாரிக்குப் போயிருந்தது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலையில், வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்தான்.

மூன்றாவது வாரத்தில் மனைவி அவன் துணிமணிகளை மூட்டை கட்டி, பழைய துணி வாங்கும் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டியும் அதோடு போய்விட்டது. நான் போய்க் கேட்டபோது, விலை உயர்ந்த தோல் சாமான்களைப் பழம்பொருள் கடைகள் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார்கள். அன்றிலிருந்துதான் என் சனிக்கிழமைகள். பிடிக்காததால்தான் அப்பா போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தபடியே அவன் போய்விட்டான் என்பது என்னை உள்ளே தின்றுகொண்டிருந்தது. பெல்ட் கிடைத்தால் அது மாறிவிடுமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தக் கடை. இடது சுவரில் முப்பது நாற்பது வருடத்துப் பெல்ட்டுகள் பக்கிளால் கொக்கியில் தொங்கின. வலது சுவரில் இந்த வருடத்துப் புதிய வடிவமைப்புகள். நடுவில் கண்ணாடி மேசைக்குள் பர்சுகள், சாவிக்கொத்து உறைகள், வயிற்றில் காகிதம் அடைத்து உட்காரவைத்த கைப்பைகள். நான் சொல்லிவைத்திருந்ததால் கடைக்காரப் பெண்மணியே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்.

"வாங்க சார். இன்னிக்கு அக்காவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ஆம்பளைங்க தனியா பெல்ட் வாங்க வந்தா எனக்கு பயம். முப்பத்திரெண்டும்பாங்க, போட்டுப் பாத்தா நாப்பது இருக்கும். பெல்ட் பொய் சொல்லாது. மனுஷன்தான் மூச்சை உள்ள இழுத்துக்குவான்."

மனைவி லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கடைக்காரர் மூன்று பெல்ட்டுகளை மேசை மேல் வரிசையாக நீட்டிவைத்தார். மூன்றும் கருந்தோல், மூன்றும் சதுர பக்கிள், இரட்டைக் கோடு. "ஒரே அச்சு. எதுன்னு நீங்களே பாருங்க."

நான் பக்கிள் பக்கத்து முனைகளைத் திருப்பினேன். தோலின் உட்புறத்தில் அளவு எண்ணைப் பதித்திருப்பார்கள். வாரைச் சிறிதாக்குவதென்றால் பக்கிளைக் கழற்றி அந்த முனையில்தான் வெட்டுவார்கள். மகன் வெட்டச் சொன்ன இடத்தில் எண்ணின் முன்பகுதி போய், கடைசிச் சுழியம் மட்டும் மிஞ்சியிருந்தது. நாற்பது வருடம் அச்சுத்தாள் பார்த்த கண் அதை முதல் நாளே கவனித்திருந்தது.

முதல் பெல்ட்டில் எண் முழுதாக இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் ஒரு சுழியம். அதன் இடது ஓரம்கூட லேசாக வெட்டுப்பட்டிருந்தது.

"இதுதான்" என்றேன். திரும்பவும் சொன்னேன்.

"யாரோ கொஞ்ச நாள் போட்டிருக்காங்க சார். மூணாவது ஓட்டை வாய் திறந்திருக்கு பாருங்க. ஒல்லியான ஆளு. போட்டுப் பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கை தானாக என் பெல்ட்டை உருவிவிட்டது. கண்ணாடி முன் நின்று கறுப்பு வாரைக் கால்சட்டையின் ஒவ்வொரு பட்டையிலும் நுழைத்தேன். முன்னால் கொண்டுவந்து இழுத்தேன். அதே இடத்தில்தான் நின்றது.

கண்ணாடியில் மனைவி எனக்குப் பின்னால் தெரிந்தாள்.

"இது பத்தாதுன்னு அவனுக்குத் தெரியும்" என்றாள்.

நான் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தேன்.

"உங்க விழா முடிஞ்ச மறுநாளே தெரிஞ்சுபோச்சு. கோபத்தோட பெட்டியை எடுத்துட்டு வந்தான். அப்புறம் என்ன தோணுச்சோ, பழைய பெல்ட்டை மறுபடி அளந்தான். தப்பான ஓட்டையை அளந்துட்டேம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டான்."

"ஏன் மாத்தலை?"

"வாரை மட்டும் மாத்தித் தருவாங்களாம். விசாரிச்சு வச்சிருந்தான். நீங்க கேக்கணும்னு இருந்தான். எனக்கு இது பத்தலைடான்னு அப்பா ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லட்டும்மா, அடுத்த மணி நேரமே ஓடிப் போய் மாத்திட்டு வந்துடறேன்னான். பொறந்ததுலேருந்து அவர் எங்கிட்ட எதுவும் கேட்டதில்லைன்னான்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டான். நானும் இன்னிக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு பாத்தேன். அஞ்சு மாசம். ஊரு தப்பையெல்லாம் திருத்தி அனுப்பினீங்க, வீட்டுல ஒரு தப்பைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலை. அவன் போனப்புறம் அந்தப் பெட்டியை என்னால பாக்க முடியலை. அதான் கொடுத்துட்டேன். தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைக்காரர் மேசைக்கு அப்பால் ஒரு துணியால் எதையோ துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே பளபளப்பாக இருந்த பக்கிள் அது.

அவன் தவறாக நினைத்துக்கொண்டு போகவில்லை. காத்துக்கொண்டிருந்தபோதே போயிருக்கிறான். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே, சில நாட்களில் அவன் காரணமில்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. என்னடா என்று கேட்டதில்லை. பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

கடைக்காரர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், வாரை மாத்திடலாம். உள்ள ரெண்டு திருகாணிதான். பக்கிள் இதேதான் இருக்கும். நீளமா ஒரு வார் எங்கிட்ட இருக்கு."

"வேண்டாங்க. இப்படியே கொடுங்க."

"எதுக்கு?" என்றாள் மனைவி. "மறுபடியும் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டறதுக்கா?"

"அவன் வெட்டினது இது."

"அவன் தப்பா வெட்டினது. மாத்தணும்னு இருந்தான்." அவள் உதடு கோணியது. "கேளுங்க. இப்பவாவது கேளுங்க."

யாரிடம் என்று அவளும் சொல்லவில்லை. அந்த அறையில் கேட்பதற்கு இருந்தவர் கடைக்காரர் ஒருவர்தான். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இது பத்தலைம்மா" என்றேன். "மாத்திக் கொடுங்க."

"அதுக்கென்ன சார், இப்பவே." அவர் இழுப்பறையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். "பழைய பெல்ட்டையெல்லாம் நம்பக்கூடாது. ஆளையே அளந்துடணும். கையைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினேன். அவர் நாடாவை என் முதுகுக்குப் பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவந்து, இரண்டு முனையையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். மனைவி மறுபக்கம் திரும்பி, காகிதம் அடைத்த பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின.

"நாப்பது" என்றார் கடைக்காரர். தண்ணீர் ஒரு வாய் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்தார். புது வாரை எடுத்தார். திருகாணியைக் கழற்ற உட்கார்ந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆச்சு சார். கையை இறக்கிக்கலாம்."