கோட்டையை விட்டுப் போகாதவர்

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் எந்த இடத்தை விட்டும் முதலில் கிளம்பமாட்டார். பஸ்ஸானாலும் சினிமாக் கொட்டகையானாலும் எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பார். குடும்ப வழக்கம் அப்படி. மலைக்கோட்டையில் தளபதியாக இருந்த அவருடைய மூதாதையர், மற்றவர்களெல்லாம் ஓடிப்போன பிறகும் கோட்டையை விட்டுப் போகவில்லை. அந்த ரத்தம் ஓடுகிற உடம்பு முண்டியடித்துக்கொண்டு இறங்கலாமா?

மகளைப் பெண் கேட்டு வந்த மருந்துக்கடைக்காரரிடமும் அவர் மனைவியிடமும் இதை வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அவர்களோ முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டையை நேரில் காட்டினால் குடும்பத்தின் தரம் தானாக விளங்கும் என்று அவர்களை மலைக்கு அழைத்து வந்தார். மகனும் கூட வந்தான்.

மேலே உடைந்த மதிலோரம் வழிகாட்டிப் பெண், குடையை ஊன்றிக்கொண்டு வரலாற்றைச் சொன்னாள்.

"கடைசிப் போர்ல இங்க ரெண்டு தளபதிங்க. மூத்தவர் இந்த வாசல்லயே சண்டை போட்டுச் செத்துட்டார். இளையவர் உள்ள தூங்கிட்டிருந்தார். மிச்சப் படை பின்வழியா இறங்கறப்ப அவரை எழுப்பிப் பாத்திருக்காங்க. எந்திரிக்கல. விட்டுட்டுப் போயிட்டாங்க. காலையில எதிரி வந்துதான் எழுப்பினான்."

"இதெல்லாம் யார் பாத்தது?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஜெயிச்ச ராஜாவே கல்லுல வெட்டி வெச்சிருக்கார், சார். போன வருஷம்தான் தோண்டி எடுத்தோம்."

கல்லைக் காட்டி, இரண்டு தளபதிகளின் பெயர்களையும் படித்தாள். இளையவர் பெயரைக் கேட்டதும் ஸ்டேஷன் மாஸ்டரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. அது அவர் தாத்தாவின் பெயர். தாத்தாவின் தாத்தாவுக்கும் அதே பெயர்தான்.

மகன் காதருகே குனிந்தான். "அப்பா, மூத்தவரை எடுத்துக்குங்க. அவரும்தான் கோட்டையை விட்டுப் போகல. கதையில ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்."

"வாயை மூடு."

மருந்துக்கடைக்காரரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுல உங்க ஆள் யாருங்க, அண்ணா?"

வாசலில் செத்தவரைச் சொன்னால் சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு அது நன்றாகவே தெரியும். துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"தூங்கினவர்," என்றார். "அடுத்த வீட்டுத் தாத்தாவை இரவல் வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்லம்மா."

வழிகாட்டி குடையைப் பார்த்தாள். மகன் வானத்தைப் பார்த்தான். கணவனும் மனைவியும் கொஞ்சம் தள்ளிப்போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"அண்ணா, நீங்க இவ்வளவு நேர்மையா சொன்ன பிறகு நாங்க மறைக்கக் கூடாது," என்றார் அந்த அம்மாள். "எங்க பையன் படுத்தா, பக்கத்துல இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான். முன்னாடி ரெண்டு இடம் அதனாலதான் தட்டிப்போச்சு. உங்ககிட்ட எப்படி வாயைத் திறக்கறதுன்னுதான் இழுத்துட்டிருந்தோம்."

"தண்ணி தெளிச்சுப் பாத்தீங்களா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"குடத்தோட ஊத்தியும் பாத்தாச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஸ்டேஷன் மாஸ்டர் கல்லில் இளையவரின் பெயரைத் தட்டிக் காட்டினார்.

"எங்க வீட்டுக்கு இது புதுசில்ல," என்றார். "கல்யாணத்தைச் சாயங்காலம் வெச்சுக்கலாம்."