ரெண்டு பெட்டியும் பேசிக்கிடலை

"கியர் விழலைன்னா நான் என்ன செய்ய ஆச்சி, நான் என்ன—"

"விழலையா, நீ விழ விடலையா? நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுன வண்டி—"

"அதத்தான் நானும் சொல்லுதேன். சாயங்காலம் ஓடுது, காலையிலதான்—"

"காலையில உனக்குத் தூக்கம் தெளியலைலே! அதுக்கு வண்டியக் குத்தம் சொல்லுத!"

பழைய குற்றாலம் போகிற பாதையை அகலப்படுத்தும் வேலை அது. எண்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாசம், முகத்தில் பூந்தூறலாய்ச் சாரல். புல்டோசர் வடிவம்மாளுடையது. புருஷன் போன பிறகு தென்காசியில் ரோடு காண்ட்ராக்டைக் கையில் எடுத்தவள், வெளிநாட்டு வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தாள். ஓட்டுகிறவன் சொரிமுத்து. ஒரு வாரமாக வண்டி தினமும் காலையில் சண்டித்தனம் பண்ணுகிறது. எஞ்சின் ஓடும். கியர் போட்டால் முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு கண்ணைச் சிமிட்டும், வண்டி நகராது.

"இன்னைக்கும் ஓடலைன்னா சாவி துல்கர்னைனுக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. அதுக்காவ இப்படியா? ஆளையே கூட்டியாந்து எம்முன்னாலயே உக்கார வச்சிருக்கீங்க?"

தார்ப்பாய்க்கு அடியில், கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய டிரைவர் துல்கர்னைன் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னைய ஏன் இழுக்கீங்க? ஆச்சி வரச் சொன்னாவ, வந்தேன். நீங்க சண்டைய முடிங்க. அதுக்குள்ள இன்னொரு டீ கெடைக்குமா?"

அப்போதுதான் கல்யாணராமன் வந்து சேர்ந்தார். மெட்ராஸிலிருந்து வண்டிக் கம்பெனி அனுப்பிய மெக்கானிக். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். காதோரம் இன்னும் எண்ணெய் வழிந்தது.

"மறுபடியும் அதே விளக்கா? நேத்துதானே சரி பண்ணினேன்?"

"நீங்க பண்ணுனீக. இவன் கெடுத்துட்டான்."

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. இந்த வண்டியில சீட்டுக்குக் கீழே ஒரு பெட்டி. முன்னாடி விளக்கெல்லாம் இருக்கே, அதுக்குப் பின்னால ஒரு பெட்டி. ரெண்டும் வயர் வழியாப் பேசிக்கணும். இது 'கியர் போடவா'ன்னு கேக்கும், அது 'போடு'ன்னு சொல்லணும். பதில் வரலைன்னா இது கியர் போடாது."

"எங்க வீட்டுலயும் ரெண்டு இருக்கு தம்பி. மூத்த மருமக, இளைய மருமக. ஒரே அடுப்படி, ஒரு வார்த்தை கெடையாது."

"அதுக்கு மீட்டர் வரலைம்மா."

சீட்டைத் தூக்கினார். பெட்டியின் பிளக்கைக் கழற்றி மீட்டரின் ஊசியை ஒவ்வொரு பித்தளைப் பின்னிலும் அழுத்தினார். மீட்டர் ஒவ்வொன்றுக்கும் 'கீ' என்று கத்தியது.

"வயர் நல்லா இருக்கு." பிளக்கைத் திரும்ப மாட்டினார். "போடுங்க சொரிமுத்து."

சொரிமுத்து கியரைப் போட்டான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் போனது.

"பாத்தியாலே! அவுக கை பட்டதும் ஓடுது. உங்கைதான் விளங்காத கை!"

வண்டி ஓடினதுக்கு அவன் சந்தோஷப்பட வேண்டும். முகம் செத்துப்போய் இறங்கினான். துல்கர்னைன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டினான்.

"உக்காருங்க பாய்," என்றார் கல்யாணராமன். "இது சரியாகலை. நேத்தும் இதேதான், கழட்டினேன், மாட்டினேன், ஓடிச்சு. ஏன் சரியாச்சுன்னு தெரியாம சரியானா எனக்குப் பிடிக்காது. சாயங்காலத்துக்கும் காலைக்கும் நடுவுல இங்கே என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கலை சார். தார்ப்பாய் போட்டு மூடிருதேன். ஒரு பொட்டுச் சாரல் உள்ள போவாது."

"எலியா இருக்கும்," என்றான் துல்கர்னைன்.

"எலி கடிச்ச வயரு கழட்டி மாட்டினா ஒட்டிக்குமா?"

கல்யாணராமன் மறுபடி பிளக்கைக் கழற்றினார். இந்தத் தடவை மீட்டரைத் தொடவில்லை. கைக்குட்டை முனையை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தார். வெள்ளைத் துணியில் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கறை. மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்தார்.

"சாம்பிராணி."

"என்னது?"

"சாம்பிராணிம்மா. புல்டோசருக்கு யாரு சாம்பிராணி போட்டது?"

"எங்க தர்காவுலயும் போடுவோம்," என்றான் துல்கர்னைன் அவசரமாக. "ஆனா நான் இன்னைக்குத்தான் வந்தேன்."

வடிவம்மாள் சொரிமுத்துவைப் பார்த்தாள். அவன் அருவி இருக்கிற திசையைப் பார்த்தான்.

"ஏலே."

சொரிமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஏலே, ஒன்னத்தான்!"

"சார்தான ஆச்சி சொன்னாவ! போன மாசம் வந்தப்ப, பெட்டிக்குள்ள ஈரம் சேரப்படாது, பச்சப்பிள்ளை மாதிரிப் பாத்துக்கிடணும்னு. எனக்கு இப்பம்தான் பிள்ளை பொறந்திருக்கு. சாயங்காலம் எம்பொண்டாட்டி பிள்ளையக் குளிப்பாட்டி, தலை காய சாம்பிராணிப் புகை காட்டுவா. தட்டுல கங்கு மிச்சம் கெடக்கும். இதுக்கும் சளி பிடிச்சிரக்கூடாதேன்னு அப்படியே இங்கன கொண்டாந்து, பிளக்கக் கழட்டி, உள்ள வெளிய எல்லாம் நல்லாக் காட்டி, சூடு ஆறுமுன்ன மாட்டிருவேன். எம்பிள்ளைக்கு ஒரு தும்மல் கெடையாது சார்!"

"பிள்ளைக்கு முடி காயும். இதுக்குப் பின்னுல பிசின் படியும்." கல்யாணராமனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சூட்டோட மாட்டுறீங்க, ராத்திரிக் குளிர்ல அது இறுகிடுது. ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் போகலை. நான் கழட்டி மாட்டினா பிசின் உரிஞ்சு வழி கெடைக்குது. சாயங்காலம் நீங்க திரும்பப் பூசிடுறீங்க!"

"ஒரு வாரமா கத்துதேனே, வாயத் திறந்து சொன்னா என்னலே?"

"சொன்னா சிரிப்பீங்க. வண்டி ஓட்ட வந்தவன் தாதி வேலை பாக்கான்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க."

"பொறவு? சொல்லாம இருப்பேனா?" வடிவம்மாளுக்கு மூச்சு வாங்குகிற அளவுக்குச் சிரிப்பு. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் புருஷன் இருந்த வரைக்கும் என் தலைக்கு ஒரு நாள் புகை காட்டுனது கெடையாது. இந்த இரும்புக்கு வந்த யோகத்தப் பாரேன்."

கல்யாணராமன் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து ஒவ்வொரு பின்னாகத் துடைத்தார். "இனிமே புகை வேண்டாம். பிளக்கையே தொட வேண்டாம். தார்ப்பாய் போதும்."

"தொடமாட்டேன் சார். சத்தியமா."

"ஏறுலே," என்றாள் வடிவம்மாள். "வெயில் வாரதுக்குள்ள அந்த வளைவ வெட்டி முடி. ஒன்னைய மாதிரி கிறுக்கன விட்டா இந்த வண்டிய யாரு இப்படிப் பாத்துக்கிடுவா?"

சொரிமுத்து ஏறினதே தெரியவில்லை. விளக்கு அணைந்தது, கியர் விழுந்தது, மண் சரிய ஆரம்பித்தது.

துல்கர்னைன் மடித்துக் கட்டிய லுங்கியை மெல்ல இறக்கி விட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

"ஆச்சி, நீங்க கூப்புட்டீங்கன்னு நேத்து கல் கிரஷர் முதலாளிகிட்ட வண்டிச் சாவிய விட்டெறிஞ்சு, மனசுல கெடந்ததெல்லாம் அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுல்லா வந்திருக்கேன். இப்பம் நான் எங்கன போய் ஏற?"