யார் லைனைக் கழற்றுவது?

எழில்மொழியைப் பரீட்சை வெப்சைட் இரண்டாவது முறையும் வெளியே தள்ளியபோது, செங்கொடிக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி அண்ணன் மண்டையில் போட்டிருப்பாள். கீபோர்டு அவள் வாங்கியது என்பதால் எழிலன் தப்பித்தான்.

தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கத்து பிரவுசிங் சென்டரை அவர்கள் அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். மூடியதுதான் தாமதம், இரண்டும் முட்டிக்கொண்டன. கடைசியில் அப்பா இருந்த யூனியன் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஆளுக்கொரு பிராட்பேண்ட் லைன் போட்டு, இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்து, அதிலிருந்து கடை முழுக்க நெட் கொடுக்க வேண்டும். யார் தன் லைனைக் கழற்றினாலும் அணைத்தாலும் அவர் பங்கு மற்றவருக்கு. அடுத்தவர் லைனில் கை வைத்தாலும் அதே கதி. ஆகா, என்ன தீர்ப்பு! அன்று முதல் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. வாசல் போர்டில் மட்டும் ‘டபுள் ஸ்பீடு’ என்று கொட்டை எழுத்தில் இளித்துக்கொண்டிருந்தது.

எழில்மொழி எழிலனின் ஒரே மகள். தாயில்லாத பெண், அத்தை ஊட்டிய சோற்றில் வளர்ந்தவள். துறைமுகத்தில் சரக்கு கையாளும் படிப்புக்கு இன்று ஆன்லைன் பரீட்சை. தேறினால் ஃபீஸ் கட்டாமல் சீட்டு, இல்லாவிட்டால் படிப்பே இல்லை. மாலை ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். மூன்று முறைதான் உள்ளே நுழையலாம், அதில் இரண்டு போய்விட்டது. இரண்டு முறையும் நாலு கேள்வி தாண்டுவதற்குள் துரத்திவிட்டது.

செங்கொடி மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். வயரை மாற்றினாள். இரண்டு மோடத்திலும் விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. பிறகு, நெட்டில் நாம் எந்த ஐ.பி. நம்பரிலிருந்து வருகிறோம் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். ஒரு தடவை ஒரு நம்பர், மறுபடி தட்டினால் வேறு நம்பர். அவளுக்குப் புரிந்துவிட்டது. கேள்வி அண்ணன் லைனில் வருகிறது, பதில் தன் லைனில் போகிறது. வேறு யாரோ நடுவில் புகுந்துவிட்டதாக நினைத்து வெப்சைட் கதவைச் சாத்துகிறது. பரீட்சை முடியும்வரை ஒரு லைன் மட்டும் இருந்தால் போதும்.

எழிலனும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அவனுக்கும் புரிந்தது.

“ஹுமாயூன் பாய், அவர்கிட்ட சொல்லு” என்றாள் செங்கொடி, பக்கத்து சிஸ்டத்தில் இருந்த வாடிக்கைக்காரரிடம். “பொண்ணு அவரு பொண்ணு. அவரு லைன கழட்டட்டும்.”

“பாய், நீ அவகிட்ட சொல்லு. கழட்டிட்டு நான் நடுத்தெருவுல நிக்கணுமா? பொண்ணு அத்த அத்தன்னு உருகிக்கினு கீதே, அந்த அத்தயே கழட்டட்டும்.”

“இன்னாபா பேஜாரா கீது! சவுதில கீற மச்சானுக்கு மெயில் போட வந்தேன். என்னிய ஏன் நடுவுல இழுக்கறீங்க?” என்று ஹுமாயூன் தலையில் அடித்துக்கொண்டார்.

“நைனா, மணி ஆவுது” என்றாள் எழில்மொழி. “அத்த, யாராவது ஒருத்தர் கழட்டுங்களேன்.”

செங்கொடி மெஷினுக்குப் பின்னால் குனிந்தாள். நீல டேப் சுற்றியது அவள் வயர், சிவப்பு அவனுடையது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான். விரல் நீல வயரைத் தொட்டது. தொட்டதும் அம்மா வீடு நினைவுக்கு வந்தது. அதையும் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசி வாயில் போட்டுக்கொண்டான் படுபாவி. இழுத்தால் இன்று சாயங்காலமே பெரியவர்களைக் கூட்டி வந்து நிற்பான். அந்தப் பெண்மீது அவளுக்கு உயிர்தான். ஆனால் அண்ணன்மீது இருந்த வெறுப்பு அதைவிட ஒரு பிடி கூடுதல். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கை அசையவில்லை.

“ஏய்! என் லைன்ல கைய வெக்காத!”

பல மாதம் கழித்து அவன் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“உன் கலீஜ் லைன எவ தொட்டா? கண்ணு அவிஞ்சா போச்சு?”

“தெரியும்டி உன்னிய! சமயம் பாத்துக்கினு இருந்தவதானே நீ!”

“யாரு, நானா? அம்மா வூட்டயே முழுங்கினவன் பேசற பேச்சா இது?”

எழில்மொழி எழுந்தாள். இருவருக்கும் நடுவில் புகுந்து, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினாள். கடை முழுக்க, “நெட் போச்சு!” என்று கூச்சல் கிளம்பியது.

“ரெண்டயும் நான்தான் கழட்டுனேன். யார் பங்கு யாருக்குன்னு பெருசுங்கள கூப்ட்டு கேட்டுக்குங்க.”

“எங்க போற கண்ணு?” என்றாள் செங்கொடி.

“எதிர்ல, வரதன் கடைக்கு. அங்க ஒரே லைன்தான் கீது.”

அந்தக் கடையை ஆமைக் கடை என்று இருவரும் கிண்டலடிப்பார்கள். அப்பா போன பிறகு இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். எழில்மொழி லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து போனாள். கடையில் இருந்தவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஹுமாயூனும் போய்விட்டார்.

வயர்கள் தரையில் கிடந்தன. முதலில் குனிகிறவர் தோற்றவர் என்பதுபோல் இருவரும் நின்றார்கள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் எழில்மொழி வெளியே வந்தாள். சிரித்த முகத்தைப் பார்த்ததும் முடித்துவிட்டாள் என்று தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பாமலே பாரிமுனை பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

எழிலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, “பாய், பொண்ணு எழுதிட்டான்னு அவகிட்ட சொல்லு” என்றான்.

நாற்காலி காலியாக இருந்தது.