கண் அடைத்த நாரை

நாரை முத்திரை போட்ட டிரம்மில் இன்று அடித்தால் நாளைக்குத்தான் கேட்கும் என்பது நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்து, அதைப் பற்றிப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்ட பிறகும், டிரம்மரின் மனைவி மட்டும் ஒரு பழைய பேச்சை விடாமல் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பேருந்து நிறுத்தத்தில் நடந்த பேச்சு அது. அவன் மடியில் டிரம்மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேருந்து வருவதாக இல்லை.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றான். "என்ன கஷ்டம் வந்தாலும் சரி, வாசிக்கறதை நிறுத்துன்னு மட்டும் சொல்லிடாத."

"சொல்லமாட்டேன். பதிலுக்கு நானும் ஒண்ணு கேப்பேன்."

"கேளு."

"இப்ப கேட்டா வீணாயிடும். தேவைப்படறப்ப கேக்கறேன்."

"அதுக்குள்ள நீ மறந்துட்டா?"

"நான் எதையும் மறக்கறதில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சுப்பீங்க."

அவன் சிரித்துவிட்டு டிரம்மின் மேல் இரண்டு விரல்களால் தட்டினான். அந்தக் காலத்தில் அது தட்டியவுடனே கேட்டது.

அவள் வேலை பார்த்ததும் அந்த டிரம்களைச் செய்த தொழிற்சாலையில்தான். முத்திரை மேஜை அவளுடையது. ஒவ்வொரு டிரம்மின் வயிற்றிலும் ஒரு துளை போட்டு, துளைக்குள் சின்னப் பித்தளை வளையத்தைச் செருகி, அந்த வளையத்தாலேயே நாரைத் தகட்டை மரத்தோடு இறுக்க வேண்டும். துளை சரியாக நாரையின் கண்ணில் வந்து உட்காரும். தகடு நிற்பதற்காகத்தான் துளை என்று அவள் நினைத்திருந்தாள். மேஜையில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். டிரம்கள் நன்றாகக் கேட்டதால் யாருக்கும் அதை யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. முதலாளி காலமானதும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கதவை இழுத்துப் பூட்டினார்கள். சில வருடங்கள் கழித்து, பிளாஸ்டிக் வாளி செய்து முன்னுக்கு வந்த ஒருவர் நாரை என்ற பெயரை மட்டும் விலைக்கு வாங்கி, பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார். நாரை மறுபடியும் பறக்கிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அவள் அழுதுகொண்டே வேலைக்குப் போனாள். அவ்வளவு சந்தோஷம்.

வாளி முதலாளி மாதிரிக்காக ஒரு பழைய டிரம்மை வரவழைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தகட்டின் மேல் விரலை வைத்து, "என்ன இது, கண்ணு இருக்கற இடத்துல ஓட்டை?" என்றார். அப்படித்தான் வழக்கம் என்றார்கள். "கண்ணு போன நாரையை எவன் வாங்குவான்?" என்று கேட்டு, அன்றே உத்தரவு போட்டார். துளை வேண்டாம், வளையம் வேண்டாம். தகட்டைப் பசையால் ஒட்டி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மையால் அழகாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைப்பதற்கென்றே மெல்லிய தூரிகை ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். அவள் நன்றாகவே வைத்தாள். நாரைகள் முன்பைவிட லட்சணமாகத்தான் இருந்தன.

வெளியே போக வழியில்லாத சத்தம் மரத்துக்குள் ஊறி, கசிந்து, தன்னால் முடிந்தபோது வந்தது. முதல் வருடம் கிடங்கில் மிச்சமிருந்த பழைய மரத்தைப் போட்டதால் கண் இமைக்கும் நேரம்தான் தாமதம். கம்பீரமாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் மெச்சினார்கள். அடுத்த வருடம் மரம் மெலிந்தது, அதற்கடுத்த வருடம் மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை வந்தது. வெளிப்பூச்சு மட்டும் வருடத்துக்கு வருடம் கூடுதலாகப் பளபளத்தது. அந்த நேரத்தில்தான் பழைய நாரையைக் கொடுத்தால் புதிய நாரை தருகிறோம் என்றொரு திட்டம் வந்தது. அவள்தான் வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்தாள். டிரம்மர் மடியில் வைத்திருந்த அந்தப் பழைய டிரம், நிஜக் கண்ணோடு, வாளி முதலாளியின் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்த புதியதில் வெள்ளிக்கிழமை அடித்தது சனிக்கிழமை அதே நேரத்துக்குக் கேட்டது.

அவன் பதறவில்லை. கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் குழு அவனுடையது. கீபோர்டு வாசித்த மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமையே வீட்டில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, மறுநாள் டிரம்மை மேடையில் கொண்டுபோய் வைத்தான். அது தானாகவே ஒலித்தது. மற்றவர்கள் அதன் பின்னாலேயே போகப் பழகிக்கொண்டார்கள். ஒரே சங்கடம், டிரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு கல்யாணத்தில் மணப்பெண் ஒப்பனை அறையில் கொண்டை ஊசி தேடிக்கொண்டிருக்க, அவள் நடந்து வரும்போது முழங்க வேண்டியது ஆளில்லாத கம்பளத்துக்கு முழங்கிவிட்டு ஓய்ந்தது. பெண் வந்தபோது அண்ணன் கைதட்டிச் சமாளித்தார்.

அந்த மண்டபங்களில் எல்லாம் டிரம்மரின் மனைவியும் இருந்தாள். குழுவோடு போய், கடைசி வரிசை மேஜையில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் தனியாகச் சாப்பிடுவாள். "கூட வந்தவங்க எங்க?" என்று பரிமாறுபவர் கேட்பார். மேடையைக் காட்டுவாள். பேருந்து நிறுத்தத்தில் கேட்காமல் வைத்திருந்தது அதைத்தான். ஒரு கல்யாணத்திலாவது அவன் இறங்கி வந்து தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது டிரம் தானே வாசிக்கிறது, அவன் தாராளமாக வரலாம். ஆனால் சும்மா இருப்பதை நாலு பேர் பார்த்தால் கௌரவம் போய்விடும் என்று, குச்சிகளைப் பிடித்தபடி தோலில் படாமல் காற்றிலேயே அடித்துக்கொண்டிருந்தான். அன்றே கேட்டிருக்கலாம். இதைவிடக் கஷ்டமான நாள் ஒன்று வரும், அதற்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நாள் தவணை தவணையாக வந்தது. டிரம்முக்கு உத்தரவாதம் இருந்ததால் அவன் போய்ப் புகார் சொன்னான். கம்பெனியார் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். புகார் சொன்னால் மாற்றிக் கொடுப்பதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாற்றிக் கொடுத்தது அந்த வருடத்துச் சரக்கு என்பதால் அடித்தது அடுத்த வாரம் கேட்டது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தான், அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது. அதற்கும் பிறகு வந்தது எப்போது கேட்கும் என்று சொல்லவே முடியவில்லை. திரும்பி வந்த டிரம்கள் எல்லாம் கிடங்கில் கிடந்து, என்றைக்கோ யாரோ அடித்ததை எல்லாம் தங்கள் இஷ்டத்துக்கு ஒலித்தன. அவனுடைய உயிரான வாசிப்பில் பலவும் அங்கே ஒரு காவலாளிக்கு மட்டும் கேட்டது. அவர் அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகியிருந்தார். யாருக்கு எப்போது கல்யாணம் என்று பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்குமே தெரியாத கல்யாணங்களுக்கு இப்போதே வாசிக்க வேண்டிய நிலை வந்ததும், அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வேறு பெயர் போட்ட டிரம் ஒன்றை வாங்கச் சொன்னார். முடியாதென்றால் குழு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"உள்ள இருக்கறது என்னோட வாசிப்பு அண்ணே. அதை அம்போன்னு விட்டுட்டு எப்படி வர்றது?" என்றான் டிரம்மர்.

அந்தக் கடைசி டிரம்மை அவன் மாற்றவில்லை. அதில் அடித்த எதுவும் வெளியே வரவும் இல்லை. முன் அறை ஜன்னலோரம் வைத்து, காலையில் பல் தேய்த்ததும் உட்கார்ந்தால் விளக்கேற்றும் நேரம்வரை வாசிப்பான். குச்சி தோலில் விழும், தோல் அதிரும், சத்தம் இருக்காது. கீழ்வீட்டு இஸ்திரிக்காரர், இப்படி ஒரு டிரம்மர் மாடியில் இருப்பது தன் பூர்வ புண்ணியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருடங்கள் போயின. அவள் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. ஒவ்வொரு நாளும் அவள் தொழிற்சாலைக்குப் போய் இன்னும் பல நாரைகளுக்குக் கண்ணை எழுதி மூடிவிட்டு வந்தாள். துளை எதற்கென்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் துளையில்லாத தகடுகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்தாகிவிட்டது என்றார்கள்.

பிறகு அவனும் தாமதமாகத் தொடங்கினான். காலையில் டீ வேண்டுமா என்று கேட்டால் சாயங்காலம் "குடு" என்பான். அவள் அதற்குத் தகுந்தாற்போல் முன்கூட்டியே கேட்கக் கற்றுக்கொண்டாள். அதுவும் போதவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் "ஃபேனைப் போடு, வேர்க்குது" என்றான். கோடையில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அது. டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டி, காத்திருந்து பார்த்து, சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கால் எகிறித் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது எப்போது வேலை செய்யும் என்று அவள் கேட்கவில்லை.

தங்கை வரும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் "எப்படி இருக்கீங்க அத்தான்?" என்பாள். அவள் ஊருக்குத் திரும்பி வெகு நாட்கள் கழித்து, காலி நாற்காலியைப் பார்த்து "நல்லா இருக்கேன்மா, நீ எப்ப வந்த?" என்று அன்பாகக் கேட்பான். அக்காள் அதைப் போனில் சொல்வாள். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருமுறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நீதான் துளை போடறவளாச்சே," என்றாள் தங்கை. "அந்தக் கண்ணைக் குத்தித் தொலைச்சா என்ன?"

குத்தியவன் ஒருவன் இருந்தான். கல்லூரி விழாக்களில் வாசித்த ஒரு டிரம்மர் ஆத்திரத்தில் ஆணியை எடுத்துக் குத்திவிட்டான். அதுவரை அடித்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியேறித் தெருவின் ஜன்னல் கண்ணாடிகளைத் தூளாக்கியது. அதன் பிறகு அந்த டிரம் தலையணை மாதிரி ஆகிவிட்டது. அவனும் அப்படியே ஆகிவிட்டான். கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்.

"குத்தினா மொத்தமும் போயிடும்டி. அதோட இவரும் போயிடுவாரு."

"குத்தாட்டி மட்டும் என்ன மிச்சம் இருக்கு?"

அவள் போனை வைத்தாள். பழைய தொழிற்சாலையில் பயன்படுத்திய துளைக்கருவியை அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்தாள். அவன் குளித்துக்கொண்டிருந்தான், அல்லது நேற்றுக் குளிக்கப் போயிருக்க வேண்டியவன் இன்று போயிருந்தான். டிரம்மின் முன்னால் மண்டியிட்டு, கருவியின் முனையைக் கறுப்புப் புள்ளியில் வைத்தாள். அந்தப் புள்ளியும் அவள் வைத்ததுதான், தூரிகையின் இழுப்பு அவளுக்குத் தெரியாதா. அழுத்தும் முன் ஒரு தடவை காதை வைத்துப் பார்த்தாள். சத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல் அந்த அட்டை மரம் உள்ளிருந்து கன்னத்தைத் தள்ளியது. கருவியை எடுத்துக்கொண்டுபோய் இருந்த இடத்திலேயே போட்டாள். கேட்டுவிடலாமா என்று அன்று முழுக்க நினைத்தாள். இன்று கேட்டால் பதில் அடுத்த வருடம் வரலாம், அதற்கடுத்த வருடம் வரலாம், தானே இல்லாத ஒரு நாளில் காலி நாற்காலியிடமும் வரலாம். அந்த நாற்காலியை நினைத்ததும் கேட்பதை விட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

நாரை கம்பெனி மறுபடியும் கைமாறி, தகடுகள் வாளிகளின் மேல் ஒட்டப்பட்டன. அவளுக்கு வேலை போய்விட்டது. தலையும் நரைத்துவிட்டது. பிறகு ஒருநாள் மதியம், அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, முன் அறையில் டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டும் சத்தம் கேட்டது. வாசிப்பைத் தொடங்கும் முன் அவன் எப்போதும் தட்டும் தட்டல். அதைத் தொடர்ந்து டிரம் ஒலித்தது. அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டுப் போன மறுநாள் காலையில் அவன் வாசித்தது அது. கோபமும் ரோஷமுமாக, இளம் கையின் அடி. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மேஜைமேல் தட்டுகள் லேசாக நகர்ந்தன. தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல் இஸ்திரிக்காரர் கீழேயிருந்து, "என்ன, சத்தம் வந்துடுச்சா?" என்றார். வந்துவிட்டது என்றாள். அவர் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இனி வருடக்கணக்கில் வரும் என்பது அவருக்கும் தெரியும்.

டிரம்மர் எழுந்து நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றிலும் பிந்திப்போன மனிதன் இதற்கு மட்டும் உடனே எழுந்திருந்தான். கண்களில் நீர் வடிந்தது. கைகள் தாமாகவே குச்சிகளைத் தேடி எடுத்து, தோலில் படாமல், மண்டபங்களில் செய்தது போலவே காற்றில் அடிக்கத் தயாராயின. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பதில் என்றைக்கு வந்தாலும் வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். டிரம்மின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்பதற்காகக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"வாசிக்கறதை நிறுத்துங்கன்னு நான் சொல்லல. அது பாட்டுக்கு வாசிக்கட்டும். பஸ் ஸ்டாப்புல ஒண்ணு கேப்பேன்னு சொன்னேன்ல, அதை இப்ப கேக்கறேன். குச்சியைக் கீழ வச்சிட்டு வந்து, என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க."